கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் எதற்கு?

குரூஸ் எனப்படும் உல்லாசப் பயணக் கப்பலுக்கு டிக்கெட் போட்டவர்கள் கேட்கும் கேள்விகளில் வாந்தி மாத்திரைக்கு அடுத்தபடியாக வருவது இதுதான்: “கோட் சூட் எடுத்துக்கிட்டுப் போகணுமா?” சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு இரவு போய்வரும் கப்பலுக்கும் கேட்கிறார்கள், லண்டனில் வேலை பார்க்கும் மகன் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து அழைத்துப்போகும் கப்பலுக்கும் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஒரு கப்பலில் சில இரவுகளில் டை இல்லாமல் பிரதான உணவுக்கூடத்துக்குள் போக முடியாது. இன்னொரு கப்பலில் டை கட்டிக்கொண்டு போனால் அந்தக் கூடத்திலேயே நீங்கள் ஒருவர்தான் கட்டியிருப்பீர்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், பெட்டியில் எதை அடுக்குவது என்பதும் தெரிந்துவிடும்.

இந்த வழக்கத்தை இன்றும் முழு மனதோடு காப்பாற்றி வரும் கப்பலிலிருந்து தொடங்குவோம். குனார்டு என்ற பழைய பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பல் 2004 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏழு இரவுப் பயணம். வழியில் துறைமுகம் எதுவும் கிடையாது, சுற்றிலும் அட்லாண்டிக் கடல்தான். மாலை ஆறு மணி ஆனதும் கப்பலின் பெரும்பகுதியில் பகல் உடைக்கு இடமில்லை. அரை டிரவுசர், கிழிசல் ஜீன்ஸ், கையில்லாத பனியன் எல்லாம் கேபினுக்குள் போய்விட வேண்டும். சாதாரண இரவுகளில் ஆண்களுக்கு நல்ல பேண்ட்டும் காலர் வைத்த சட்டையும் போதும். முன்பு அந்த இரவுகளிலும் கோட் கட்டாயமாக இருந்தது, இப்போது தளர்த்திவிட்டார்கள்.

ஏழு இரவில் வழக்கமாக இரண்டு இரவுகள் ‘காலா ஈவினிங்’. அன்றைக்கு ஆண்கள் டின்னர் ஜாக்கெட் என்ற கறுப்பு விருந்துக் கோட்டை அணிந்து, கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவ ‘போ டை’ கட்ட வேண்டும், அல்லது அடர்நிற சூட்டும் டையும் வேண்டும். பெண்கள் நீண்ட கவுனோ மாலை விருந்துக்கு ஏற்ற வேறு நல்ல உடையோ அணிவார்கள். இராணுவச் சீருடை, ஸ்காட்லாந்துக்காரர்கள் இடுப்பில் கட்டும் கட்டம்போட்ட பாவாடையான கில்ட் ஆகியவற்றுக்கும் அனுமதி உண்டு. அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருக்கிறது: அவரவர் நாட்டு முறையான தேசிய உடை. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய வரி அது, பிறகு அதற்கு வருகிறேன். ஓர் இரவு கறுப்பு வெள்ளை, இன்னோர் இரவு முகமூடி விருந்து அல்லது சிவப்பும் பொன்னும் என்று தனி அலங்காரமும் வைப்பார்கள். அதற்கேற்ற நிறத்தில் உடுத்துவது அவரவர் விருப்பம்.

உடுத்திக்கொள்ள மனமில்லாதவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஏழாவது டெக்கில், அதாவது தளத்தில், உள்ள கிங்ஸ் கோர்ட் பஃபேயில் சாப்பிடலாம், கோல்டன் லயன் பப்பில் உட்காரலாம். மூன்று டெக் உயரத்துக்கு எழும்பி நிற்கும் பிரிட்டானியா உணவுக்கூடத்துக்கும், குயின்ஸ் ரூம் என்ற நடனக் கூடத்துக்கும் போவதற்குத்தான் விதி.

சரி, இது எப்படி வந்தது? குனார்டின் முதல் அட்லாண்டிக் கப்பலான பிரிட்டானியா 1840 ஜூலையில் லிவர்பூலிலிருந்து புறப்பட்டபோது இப்படி ஒன்றும் இல்லை. அது முதலில் தபால் கப்பல், அப்புறம்தான் பயணிகள் கப்பல். 115 பேருக்கு இடம். பாலுக்கு ஒரு பசுவைக் கூடவே ஏற்றிக்கொண்டு போனார்கள். நீளமான மேசைகளில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, கப்பல் ஆட்டத்தில் தட்டு வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொண்டு சாப்பிட்ட காலம். அங்கே யார் உடை மாற்றுவார்கள்?

நிலைமை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். கப்பல்கள் பெரிதாயின, ஆட்டம் குறைந்தது, மின்விளக்கு வந்தது. பணக்காரர்கள் வருடம் தவறாமல் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்தார்கள். அன்றைய இங்கிலாந்தில் வசதியான வீடுகளில் விருந்தாளி யாரும் வராவிட்டாலும் இரவுச் சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொண்டுதான் உட்காருவார்கள். பகலுக்கு ஓர் உடை, இரவுக்கு ஓர் உடை என்பது அந்த வர்க்கத்தின் அன்றாடம். ஆக, கப்பல் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் செய்ததையே அவர்கள் கடலிலும் செய்தார்கள். பிற்காலத்தில் வீடு அதைக் கைவிட்டது, கப்பல் கைவிடவில்லை. இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் அதுதான்.

டின்னர் ஜாக்கெட் என்பதே முதலில் ஒரு தளர்வாக வந்த உடை. வாலும் வெள்ளை டையும் கொண்ட நீண்ட கோட்தான் அதற்கு முன் இரவு உடை. 1865இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவர், தன் கிராமத்து மாளிகையில் நெருங்கியவர்களோடு சாப்பிடும்போது அணிய, வால் இல்லாத குட்டைக் கோட் ஒன்றை லண்டனின் ஹென்றி பூல் தையல் நிறுவனத்தில் தைத்துக்கொண்டதாக அந்த நிறுவனம் சொல்கிறது. அமெரிக்காவில் 1886இல் நியூயார்க் அருகே டக்சீடோ பார்க் என்ற பணக்காரக் குடியிருப்பில் அது பரவியதால் அங்கே அதன் பெயரே டக்சீடோ ஆயிற்று. இன்று கப்பலில் மிகக் கடுமையான உடை என்று நாம் மலைத்து நிற்பது, ஒரு காலத்தில் சௌகரியத்துக்காகக் குறைத்துக்கொண்ட உடை.

1905இல் ஜெர்மனியின் ‘அமெரிக்கா’ என்ற கப்பலில், ஆடம்பர ஓட்டல்களுக்குப் பேர்போன ரிட்ஸ் பெயரில் தனி உணவகமே திறந்தார்கள். கப்பல் என்பது மிதக்கும் ஓட்டல் என்ற எண்ணம் அதோடு நிலைபெற்றது. இதன் உச்சம் 1935இல் வந்த பிரான்சின் நார்மண்டி கப்பல். அதன் முதல் வகுப்பு உணவுக்கூடம் சுமார் 93 மீட்டர் நீளம், 700 பேர் உட்காரலாம். ஜன்னலே கிடையாது, குளிரூட்டப்பட்ட கூடம். லாலிக் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைஞரின் கண்ணாடியால் ஆன 12 உயரமான விளக்குத் தூண்கள் உள்ளே நின்றன. கூடத்துக்குள் நுழைகிறவர்கள் உயரமான கதவைத் தாண்டிப் படியிறங்கி வர வேண்டும். பிரெஞ்சுக் கப்பல்களில் இந்தப் படியிறக்கத்தைத் திட்டமிட்டே கட்டினார்கள். மேலே ஒரு பெண் ஒரு கணம் நிற்பாள். கவுனின் விளிம்பு பின்படியில் இருக்கும், ஒரு கை பிடிச்சுவரில். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்ட படியில் மடித்துவிட்ட பேண்ட்டோடு யாரும் இறங்க மாட்டார்கள். அங்கே அறிவிப்புப் பலகைக்கே வேலை இல்லை, கட்டடமே விதியைச் சொல்லிவிடும். குயின் மேரி 2 இன் பிரிட்டானியா உணவுக்கூடத்திலும் பெரிய மாடிப்படி இருப்பதற்குக் காரணம் இதே மரபுதான்.

அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே கருத்தோடு இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1922இல் அமெரிக்காவில் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற நடத்தை நெறி நூல் ஒன்று, கப்பலில் நடன விருந்துக்குப் போவதுபோல் உடுத்திச் சாப்பிட வருவது மகா மட்டமான ரசனை என்று கண்டித்தது. அந்த உடைகளைக் காட்ட அவர்களுக்கு வேறு இடமில்லை என்பதைத்தான் அது காட்டுகிறதாம். உயர்ந்த இடத்து மனிதர்கள் கப்பலில் முழு மாலை உடை அணிவதே இல்லை என்றும் அது சொன்னது. ஆக, எவ்வளவு உடுத்துவது என்ற சண்டை கப்பலில் நூறு வருடமாக நடக்கிறது.

இத்தனையும் முதல் வகுப்பின் கதை. அதே கப்பலின் அடித்தளத்தில், புது வாழ்வு தேடி அமெரிக்கா போனவர்கள் மரப்பெஞ்சுகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்களை யாரும் உடை மாற்றச் சொல்லவில்லை, மாற்ற இன்னொரு உடையும் பலரிடம் இருந்திருக்காது. வகுப்புகளைப் பிரித்தவை கதவுகளும் தடுப்புகளும்தான். அந்தத் தடுப்புக்கு மேல்பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கள் எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு இரவும் தங்களுக்கே உறுதிப்படுத்திக்கொண்ட வழி அந்த உடை. இந்த உண்மையை மறைத்துவிட்டு அந்தப் பொற்காலத்தைப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் பக்கக் கடலில் கதை வேறு மாதிரி நடந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பம்பாய்க்கும் கொழும்புக்கும் வந்த பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கப்பல்களில் ஆங்கிலேய அதிகாரிகள் அதே வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செங்கடலில் நுழைந்ததும் வெயில் அவர்களைப் பணிய வைத்தது. குளிர்சாதனம் இல்லாத இரும்புக் கப்பலில் கம்பளிக் கோட்டோடு யாரால் சாப்பிட முடியும்? கோட்டைக் கழற்றிவிட்டு, கழுத்துத் திறந்த அரைக்கை வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், இடுப்பில் அகலமான துணிக்கச்சை என்று ஓர் ஏற்பாடு பிறந்தது. ‘ரெட் சீ ரிக்’ என்ற பெயரில் கடற்படைக்காரர்கள் இன்றும் இதை வைத்திருக்கிறார்கள். அந்த இடுப்புக் கச்சையே இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் வெயிலுக்காக, கோட்டுக்குள் போடும் கையில்லாத வெயிஸ்ட்கோட்டைக் கைவிட்டு எடுத்துக்கொண்டதுதான். அட்லாண்டிக் கப்பலில் டக்சீடோவுக்கு அடியில் இன்றைக்கும் பளபளக்கும் கச்சைக்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம்.

அந்த மேசையில் உட்கார இந்தியர் ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும்? 1888 செப்டம்பரில் சட்டம் படிக்க பம்பாயிலிருந்து ‘கிளைடு’ கப்பலில் புறப்பட்ட பதினெட்டு வயது காந்தி அதைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது, எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கவும் தைரியம் இல்லை. அதனால் சாப்பாட்டு மேசைக்கே போகாமல், கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் கேபினுக்குள்ளேயே தின்றார். கப்பலில் கறுப்பு சூட் போட்டுக்கொண்டார். நண்பர்கள் தைத்துக் கொடுத்த வெள்ளை ஃபிளானல் உடையை இறங்கும்போது அணியப் பத்திரமாக வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் இறங்கிப் பார்த்தால் வெள்ளை உடையில் நின்றது அவர் ஒருவர் மட்டும்தான். 43 வருடம் கழித்து, 1931 ஆகஸ்டில், வட்டமேசை மாநாட்டுக்காக ‘ராஜ்புதானா’ என்ற பி அண்ட் ஓ கப்பலில் அவர் மறுபடி போனார். இந்த முறை இரண்டாம் வகுப்பில், இடுப்பில் முழத்துணியோடு. யார் எப்படி உடுத்தியிருக்கிறார்கள் என்ற பதற்றம் அந்த மனிதரிடம் துளியும் மிச்சமில்லை. உடை விதி என்பது ஆளை எவ்வளவு சுருக்கும், அதை ஒருவர் எவ்வளவு தூரம் தாண்டலாம் என்பதற்கு இந்த இரண்டு கப்பல் பயணங்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. ஆறு ஏழு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊருக்கு எவரும் ஐந்து நாள் செலவழிக்கத் தயாராக இல்லை. பழைய குயின் மேரி 1967இல் ஓய்வு பெற்றது. கப்பல்காரர்கள் பிழைக்க ஒரே வழி, போக்குவரத்தை விட்டுவிட்டு உல்லாசப் பயணத்தை விற்பது. கார்னிவல் நிறுவனம் 1972இல் தொடங்கியதே ஒரு பழைய அட்லாண்டிக் கப்பலை வாங்கி, பெயர் மாற்றி, வெயிலும் வேடிக்கையுமாக விற்றுத்தான். வகுப்புத் தடுப்புகள் போய்விட்டன. ஆனால் எல்லோரும் விருந்து உடையில் வரும் இரவு, ‘ஃபார்மல் நைட்’, போகவில்லை. டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் இப்போது முதல் வகுப்பு இரவு கிடைக்கும் என்பதே விளம்பரம் ஆயிற்று. பள்ளி ஆசிரியையும் லாரி ஓட்டுநரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது அந்தப் படியில் இறங்க முடிந்தது. நல்ல மாற்றம் என்றுதான் சொல்வேன்.

வியாபாரக் காரணமும் பலமானது. ஃபார்மல் நைட் பெரும்பாலும் துறைமுகம் இல்லாத நாளில்தான் வரும். ஊர் சுற்றிக் களைத்து வந்தவர்கள் டை கட்ட மாட்டார்கள் என்பது ஒன்று. நாள் முழுக்கக் கப்பலுக்குள்ளேயே இருப்பவர்கள் மத்தியானம் அழகு நிலையத்துக்குப் போவார்கள், நகைக்கடையை எட்டிப் பார்ப்பார்கள் என்பது இன்னொன்று. மாலை ஐந்து மணிக்கே மாடிப்படி ஓரங்களில் திரைச்சீலையும் விளக்கும் வைத்துப் படம்பிடிப்பவர்கள் நின்றுவிடுவார்கள். மறுநாள் குடும்பப் படங்கள் விலைக்கு வரும். முழு குடும்பமும் நன்றாக உடுத்தி ஒன்றாக நிற்பது கல்யாண வீடு தவிர வேறெங்கும் அபூர்வம் என்பதால் மக்களும் வாங்குவார்கள். இறால் குடும்பத்துப் பெரியண்ணன் லாப்ஸ்டரையும் பல நிறுவனங்கள் அந்த இரவுக்கென்றே ஒதுக்கி வைக்கும்.

அப்படியிருந்தும் பல கப்பல்கள் விதியைத் தளர்த்தியதற்கு முதல் காரணம் விமானப் பெட்டி. அந்தக் காலத்தில் பெரிய டிரங்குப் பெட்டிகள் வீட்டு வாசலிலிருந்து கப்பலுக்கே போய்ச் சேரும். இன்று மயாமிக்கோ பார்சிலோனாவுக்கோ பறந்து போய்க் கப்பலேறுகிறவர் கையில் 23 கிலோதான், அதில் சூட்டும் ஷூவும் எவ்வளவு இடம் அடைக்கும் என்று யோசிக்கிறார். இரண்டாவது காரணம் கப்பலின் உள்ளமைப்பு. ஒரே பெரிய உணவுக்கூடம், குறித்த நேரம், குறித்த மேசை என்று இருந்தவரை எல்லோரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டிய அவசியம் இருந்தது. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000இல் ‘ஃப்ரீஸ்டைல் குரூசிங்’ என்று அறிவித்து, விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடலாம் என்றபோது கட்டாய ஃபார்மல் நைட்டும் கூடவே போயிற்று. பத்துப் பதினைந்து உணவகம் உள்ள கப்பலில் எந்த வாசலில் எந்த விதியை வைப்பது?

அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்துக்கொண்டது. செலிப்ரிட்டியில் ‘ஈவினிங் ஷிக்’, ஹாலந்து அமெரிக்கா லைனில் ‘டிரஸ்ஸி நைட்’, கார்னிவலில் ‘எலிகண்ட் நைட்’. எல்லாவற்றுக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றே: நன்றாக உடுத்தி வாருங்கள், டக்சீடோ கட்டாயமில்லை. ஓஷியானியா, வைக்கிங் போன்ற விலை கூடிய கப்பல்களிலேயே ஃபார்மல் நைட் கிடையாது. காசு அதிகம் என்றால் கோட் அதிகம் என்ற கணக்கு இன்று செல்லாது. வர்ஜின் வாயேஜஸில் உடை விதியே இல்லை, ஓர் இரவு மட்டும் எல்லோரும் சிவப்பில் வாருங்கள் என்று அழைப்பார்கள். அதற்குப் பெரும்பாலோர் ஆசையாக உடுத்துகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டாயம் போனாலும், எல்லோரும் சேர்ந்து ஒரே இரவில் அலங்கரித்துக்கொள்ளும் ஆசை போவதில்லை.

இந்த விதி ஒழிய வேண்டும் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. விடுமுறைக்குக் காசு கொடுத்து வந்தவனை யாரும் கட்டளையிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். ஆனால் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தால், உடுத்த விரும்பாதவருக்கு அதே கப்பலில் நல்ல சாப்பாடு வேறு இடத்தில் கிடைத்தால், எந்த நாட்டு மரியாதை உடைக்கும் சம இடம் இருந்தால், அந்த விதியில் அநியாயம் இல்லை. குயின் மேரி 2 இல் இந்த மூன்றும் இருக்கின்றன.

மூன்றாவது நிபந்தனை நமக்கு எவ்வளவு பெரிது என்பதைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்துக்கு வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. ஆங்கிலேயர் காலத்து மன்றங்கள் விட்டுப்போன உடை விதி அது. அடுத்த மாதமே, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. அந்த விதியைப் பெற்றெடுத்த ஊரின் கப்பலிலேயே முறையான தேசிய உடை டக்சீடோவுக்குச் சமம் என்று எழுதி வைத்திருக்கும்போது, நம்மவர்கள் ஒரே ஓர் இரவுக்காகப் பொருந்தாத கோட்டை வாடகைக்கு எடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரிகைக் கரை வைத்த பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமும் காலா இரவுக்குத் தாராளமாகப் போதும். பருத்தி வேட்டியை லேசாகச் சுற்றிக்கொண்டு போவது அந்த வகையில் சேராது, ‘முறையான’ என்ற சொல்லுக்கு அங்கே எடை உண்டு. மடித்துக் கட்டவும் கூடாது. கழுத்து மூடிய பந்த்கலா கோட் வைத்திருப்பவர்களுக்கு யோசனையே வேண்டாம். காஞ்சிப் பட்டுச் சேலை அந்தக் கூடத்தில் எந்தக் கவுனுக்கும் குறைந்ததில்லை. ஆனால் ஒன்று: வட அட்லாண்டிக்கில் கப்பல் லேசாகச் சாயும்போது படியிறங்க வேண்டியிருக்கும். கொசுவத்தைக் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்து, முந்தானையைத் தோளில் இரண்டு ஊக்கு போட்டு நிறுத்தி, குதிகால் தாழ்ந்த செருப்பு போட்டுக்கொள்வது நல்லது. ஒரு கை கைப்பிடிக்கு வேண்டும், முந்தானையைப் பிடிக்க மிச்சம் இருக்காது.

அயர்ன் பாக்ஸை வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டாம். தீ அபாயம் காரணமாகக் குரூஸ் கப்பல்களில் கேபினுக்குள் அது தடை, பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். குயின் மேரி 2 இல் பயணிகளே துணி துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளும் அறைகள் உண்டு. காலா இரவன்று மாலையில் அங்கே கூட்டம் நெருக்கும், காலையிலேயே முடித்துவிடலாம். ராயல் கரீபியன் கப்பல்களில் அந்த வசதி கிடையாது. மடிப்புக் கலையாத துணியாகப் பார்த்து எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து அவர்களிடமே இஸ்திரிக்குப் போடுங்கள்.

முதல் இரவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏறிய அன்று பெட்டிகள் கேபினுக்கு வந்து சேரவே இருட்டிவிடும் என்பதால் அன்றைக்குக் காலா வைப்பதில்லை, பழைய கப்பல்களிலும் அப்படித்தான். கடைசி இரவும் பெட்டி கட்டும் இரவு, அன்றும் பெரும்பாலும் இருக்காது. எந்த இரவு எந்த உடை என்பது கேபினுக்கு வரும் தினசரித் தாளிலோ கப்பலின் செயலியிலோ இருக்கும். சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு இரவுக்குப் போகிறவர்களுக்கு அப்படிப்பட்ட இரவு வழக்கமாக ஒன்றுதான் வரும். கோட் தேவைப்படாது. தீபாவளிக்கு எடுத்த பட்டுச் சட்டையும் நல்ல பேண்ட்டும் போட்டுக்கொண்டு உணவுக்கூடத்துக்குப் போகலாம். குழந்தை நீச்சல் குளத்தை விட்டு வர மறுத்தால், ஈரம் துவட்டி மேலே சட்டையை மாட்டி அப்படியே பஃபேக்குப் போய்விடலாம்.